வறட்டு இருமல்

ஜூன் 9, திங்கள்

ஆதிரைக்கு இன்றோடு ஏழு மாதம் முடிந்தது. ராகிக் கூழ் கொடுத்தேன். பாதி அவள் வயிற்றுக்குள், பாதி என் நைட்டியில். துணியை அலசிக் காயப்போட்டு வருவதற்குள் அடுத்த செட் தயார். இதையெல்லாம் எழுதி என்ன ஆகப்போகிறது? ஆனால் அவள் தூங்கியதும் யாரிடமாவது பேச வேண்டும் போல இருக்கிறது. இவர் திருப்பூரில் கம்பெனி முடிந்து வந்து, தட்டை வைத்ததும் குறட்டை. பேச ஆள் இல்லாததால் எழுதுகிறேன்.

மாமாவுக்கு இருமல் இன்னும் நிற்கவில்லை. சளி இல்லை, காய்ச்சல் இல்லை, வெறும் வறட்டு இருமல். சித்திரையில் ஆரம்பித்தது. பேசிக்கொண்டே இருப்பார், தொண்டைக்குள் ஏதோ ஊர்ந்த மாதிரி நிறுத்துவார், அப்புறம் ஒரே இழுப்பாக இருமுவார். கண்ணில் தண்ணீர் முட்டிவிடும். தாத்தா விளையாட்டுக் காட்டுகிறார் என்று பாப்பா சிரிக்கிறாள்.

சாயங்காலம் பார்த்தால் அவர் மடியில் உட்கார்ந்து அவருடைய ஆள்காட்டி விரலைச் சப்பிக்கொண்டிருந்தாள்.

"மாமா, கை கழுவினீங்களா?"

"இப்பத்தான் அம்மிணி, சோப்புப் போட்டுக் கழுவுனேன்."

மின்வாரியத்தில் ஏ.இ.யாக இருந்து ஓய்வு பெற்ற மனுஷர். பாதி ஈரோட்டுக்குக் கரண்டை நிறுத்தி விட்டவர். என் முன்னால் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி இரண்டு கையையும் திருப்பித் திருப்பிக் காட்டினார். நானும் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனேன்.

ஜூன் 11, புதன்

பாப்பாவுக்குத் தாலாட்டுப் போடலாம் என்று யூடியூபைத் திறந்தால், வெண்டைக்காய் ஊறிய தண்ணீர், நுரையீரலைக் கழுவும் மூன்று இலைகள், இந்த விரலை அமுக்கினால் பிரஷர் இறங்கும், டாக்டர்கள் சொல்லாத ரகசியம் என்று வரிசையாக வந்து நிற்கின்றன. எல்லாம் மாமா பார்ப்பது.

போன வருஷம் எனக்குப் புதுப் போன் வாங்கியபோது பழையதை அவருக்குக் கொடுத்தேன். அவருக்கென்று தனியாக ஒரு மெயில் ஐடி ஆரம்பித்து, பாஸ்வேர்டு வைத்து, அதை அவர் மறந்து, நான் திரும்ப மாற்றிக் கொடுத்து... எனக்கு வாந்தி நிற்காத மாதம் அது. என் கணக்கை எடுக்காமல் அப்படியே கொடுத்துவிட்டேன். அதனால் அவர் மைக்கை அமுக்கிக் கேட்பதெல்லாம் என் போனுக்கும் வந்துவிடுகிறது.

மைக்கிடம்கூட மரியாதையாகத்தான் கேட்கிறார். இன்றைக்குப் பதிவாகியிருந்தது இது: 'வயசானவங்களுக்கு வறட்டு இருமல் எதுனால வருதுங்க'. அதற்குக் கீழே தனியாக இன்னொரு வரி: 'சரி நன்றிங்க'.

ஸ்க்ரீன்ஷாட் எடுத்து இவருக்கு அனுப்பினேன். சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விடும் பொம்மைகளாக அனுப்பினார். நானும் சமையலறையில் நின்றபடியே சிரித்தேன். பகலில் நான் சிரிப்பதற்கு வேறு என்ன இருக்கிறது.

ஜூன் 14, சனி

பாப்பாவின் பால் பாட்டிலைக் கொதிக்கவைக்கும் பாத்திரத்தில் மாமா கற்பூரவல்லிக் கஷாயம் போட்டுவிட்டார். அடி பிடித்துக் கருகிவிட்டது. வீடெல்லாம் நாற்றம்.

"மாமா, இந்தப் பாத்திரத்தை எடுக்காதீங்கன்னு எத்தன தடவை சொல்லியிருக்கேன்."

"சின்னதா இருந்துச்சா, கஷாயத்துக்குத் தோதா இருக்கும்னு எடுத்துட்டேன். தேச்சுக் குடுத்தர்றேன் அம்மிணி."

"தேச்சா போயிருமா? யாரு மாமா சொல்றாங்க இதையெல்லாம்? அவங்கெல்லாம் டாக்டரா?"

"கோட்டுப் போட்டிருந்தாருங்காட்டி..."

"கோட்டு வாடகைக்குக் கிடைக்கும் மாமா."

அதற்கு அவரே சிரித்துவிட்டார். சிரித்ததில் இருமல் வந்துவிட்டது. இருமிக்கொண்டே தேங்காய் நார் எடுத்துப் பாத்திரத்தைத் தேய்க்க உட்கார்ந்தார். நான் வாங்கித் தேய்த்திருக்கலாம். பாப்பா அழுதாள் என்று உள்ளே போய்விட்டேன். அவள் அவ்வளவாக அழவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

அம்மா நாமக்கல்லில் இருந்து வீடியோ கால் போட்டாள். பாப்பாவைக் கொஞ்சிக்கொண்டிருந்தவள் சட்டென்று குரலை இறக்கினாள்.

"யாரு அது, சம்பந்தியா இருமறது? இன்னுமா நிக்கல? பிரவீணா, நம்ம பழைய வீட்டுக்காரருக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது. கடைசில டிபின்னு சொன்னாங்க. கைக்கொழந்தைய வெச்சிருக்கே, பாத்துக்க."

"சளியே இல்லம்மா அவருக்கு."

"நீ படிச்சவ. உனக்குத் தெரியாததா."

போனை வைத்த பிறகு ஒரு வேலையும் ஓடவில்லை. எம்.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரி படித்ததில் பயப்படுவதற்கு வேண்டிய வார்த்தைகள் மட்டும் நிறைய ஞாபகம் இருக்கின்றன. பாப்பா பால் குடிக்கும்போது ஒரு கையால் போனில் ஏதேதோ தேடினேன். தமிழிலும் ஆங்கிலத்திலும். என்ன தேடினேன் என்று இங்கே எழுதவில்லை. எழுத வேண்டிய விஷயமும் இல்லை.

ஜூன் 18, புதன்

துணி மடித்துக்கொண்டிருந்தேன். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, போனையும் பிரஷர் மாத்திரை அட்டையையும் கையில் பிடித்தபடி வந்து நின்றார்.

"அம்மிணி, சித்தெ இதப் பாரேன்."

"சொல்லுங்க மாமா."

"இந்த மாத்திரை மாத்துனது மாசியில. இருமல் ஆரம்பிச்சது சித்திரையில. இதுல ஒரு டாக்டரு, பொம்பளை டாக்டரு, இந்த வகை மாத்திரையில சில பேருக்கு வறட்டு இருமல் வரும்னு சொல்லுது. மாத்திக் குடுத்தா நின்னுருமாம். பேரு ஒத்துப் போகுது. நீ படிச்ச புள்ள, படிச்சுப் பாத்துச் சொல்லு."

நான் போனை வாங்கவே இல்லை. கையில் பாப்பாவின் ஜட்டி.

"மாமா, போன வாரம் வெண்டைக்காய்த் தண்ணி. அதுக்கு முந்தின வாரம் விரலை அமுக்கறது. இன்னைக்கு மாத்திரையே தப்பா? நெட்டுல பாத்து டாக்டருக்கே வைத்தியம் சொல்லாதீங்க."

"இல்ல அம்மிணி, வெண்டைக்காய் வேற, இது..."

"அடுத்த மாசம் செக்கப்புக்குப் போவீங்கல்ல, அப்பக் கேட்டுக்கலாம்."

"கோகுல்கிட்டச் சொல்லி முன்னாடியே கூட்டிட்டுப் போகச் சொல்லட்டுமா?"

"உங்க பையனுக்கு இப்ப ஷிப்மெண்ட் நேரம் மாமா."

"அதுஞ் செரிதான்" என்றார். மடித்து வைத்திருந்த துணியில் ஒரு குட்டிச் சட்டையை எடுத்து, பார்த்து, திரும்ப அதே அடுக்கில் வைத்தார். போய்விட்டார்.

ஜூன் 19, வியாழன்

மாமா இன்று பாப்பாவைத் தூக்கவில்லை. முதுகு பிடித்துக்கொண்டதாம்.

ஜூன் 22, ஞாயிறு

மாமா மாடி அறைக்குப் போய்விட்டார். கட்டில், டேபிள் ஃபேன், மாத்திரை டப்பா, தண்ணீர்க் குடம் எல்லாவற்றையும் இவரும் அவருமாக மேலே ஏற்றினார்கள்.

"எதுக்குங்கப்பா இந்த வெயில்ல மொட்டை மாடி ரூமு? தகரம் மாதிரி கொதிக்கும்" என்று இவர் கேட்டார்.

"காத்து வருதுடா. கீழ கொசு."

"கொசு மாடிக்கு வராதா?"

"மாடிப்படி ஏற அதுக்கு மூச்சு வாங்கும்."

அவர் தன் சாப்பாட்டுத் தட்டையும் டம்ளரையும்கூட மேலே எடுத்துப் போய்விட்டார். கீழே கழுவப் போடுவதில்லை, அவரே கழுவிக்கொள்கிறார். அன்றைக்கு நான் பேசியதில் கோபம் என்று நினைக்கிறேன். அவர் கோபப்பட்டால் இப்படித்தான், சத்தமில்லாமல் ஒதுங்கிவிடுவார் என்று இவர் சொல்லியிருக்கிறார். போய் ஒரு வார்த்தை சமாதானம் பேச வேண்டும்.

ஒன்றை எழுதிவிடுகிறேன், இங்கேகூட எழுதாவிட்டால் வேறு எங்கே எழுதுவது. கட்டில் மேலே போனபோது எனக்கு மூச்சு லேசானது. அவரிடம் நான் எப்படிச் சொல்வது என்று திணறிக்கொண்டிருந்த ஒன்றை அவராகவே செய்துவிட்டார். சமாதானம் பேசப் போகவில்லை.

ஜூன் 27, வெள்ளி

காலையில் பாப்பா மாடிப்படியைப் பார்த்துக் கையை நீட்டி அழுகிறாள். மாமா மேல் படியில் உட்கார்ந்து, துண்டால் வாயை மூடிக்கொண்டு, கண்ணாலேயே விளையாட்டுக் காட்டுகிறார். துண்டு எதற்கு என்று கேட்டேன். தூசியாம்.

மத்தியானம் என் போனில் அவர் தேடியது வந்தது: 'சளி வராதவங்க காசநோய் டெஸ்டுக்குச் சளி எப்படிங்க குடுக்கறது'. இந்த யோசனை மாமாவுக்கு எங்கிருந்து வந்தது? நான் வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. இவரிடம்கூடச் சொல்லவில்லை. அம்மா பேசியது கேட்டிருக்குமோ? அன்றைக்கு அவர் வெளியே ரோஜாச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அவர் இருமல் உள்ளே கேட்கும், அம்மா தாழ்த்திப் பேசியது அந்தத் தூரத்துக்குக் கேட்க வழியே இல்லை.

அவருக்கே சந்தேகம் என்றால் அப்புறம் நான் சந்தேகப்பட்டது தப்பா? அப்படி நினைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் தேடினேன்.

ஜூலை 2, புதன்

மாமாவின் இருமல் குறைந்திருக்கிறது. நேற்றுப் பூராவும் மேலே சத்தமே இல்லை. இன்று கீழே இறங்கி வந்து தினத்தாளைச் சத்தமாக வாசித்துக் காட்டினார், கரண்ட் கட் அறிவிப்பு முழுவதையும், மூச்சு விடாமல்.

"பாத்தியா அம்மிணி, ஒரு இருமல் வந்துச்சா?"

"இல்ல மாமா. கற்பூரவல்லி வேலை செஞ்சிருச்சாட்டம் இருக்கே."

"அது இல்ல. நான் லைனைப் பிரிச்சுப் பாத்தேன்."

"என்ன லைனு?"

"ஃபால்ட்டு எங்க இருக்குதுன்னு தெரியோணும்னா ஒவ்வொரு லைனா ஆஃப் பண்ணிப் பாக்கோணும். எதை ஆஃப் பண்ணுனா சரியாகுதோ அதுலதான் கோளாறு." ரொம்ப சந்தோஷமாக இருந்தார். கரண்ட் ஆபீஸ் கதை ஏதோ ஆரம்பிக்கிறார் என்று நான் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது என் இடுப்பில் இருந்த பாப்பா அவர் பக்கம் சாய்ந்தாள். அவரும் கையை நீட்டினார். முழுக்க நீட்டவில்லை, பாதி.

"இப்பத்தான் பால் குடிச்சா மாமா, கக்கிருவா."

"ஆமாமா, கக்கிருவா" என்று கையை மடக்கிக்கொண்டார்.

பால் குடித்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

ஜூலை 6, ஞாயிறு

பாப்பாவுக்குக் கீழே ஒரு பல் முளைத்திருக்கிறது. ஸ்பூன் பட்டு டிங் என்று சத்தம் வந்ததில் கண்டுபிடித்தேன். மாமாவுக்கு மாடிப்படிக்குக் கீழே நின்று சொன்னேன்.

இரண்டு நாளாகத் தலை பாரமாக இருக்கிறது என்றார். வெயில் என்று சொல்லித் தலைவலி மாத்திரை ஒன்றைப் படியில் வைத்துவிட்டு வந்தேன்.

ஜூலை 8, செவ்வாய்

இது ஆஸ்பத்திரியில் இருந்து வந்து எழுதுவது. பாப்பாவைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டிருந்தேன், அவள் இப்போதுதான் தூங்கினாள்.

காலையில் மாமா காப்பிக்கு இறங்கவில்லை. மேலே டம்ளர் விழுந்து உருளும் சத்தம் கேட்டது. பாப்பா பால் குடித்துக்கொண்டிருந்தாள். சத்தத்தைக் கேட்டுவிட்டு, குடிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. தெரிந்தாலும் எழுதியிருக்க மாட்டேன்.

மேலே போனபோது கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். இடது கை மடியில் தனியாகக் கிடந்தது, வேறு யாரோ வைத்துவிட்டுப் போன மாதிரி. வாய் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. தரையெல்லாம் தண்ணீர்.

"கை... வரமாட்டீங்குது" என்றார். வார்த்தை குழறியது.

நான் என்ன செய்தேன்? இவரைக் கூப்பிடவில்லை, பக்கத்து வீட்டைக் கூப்பிடவில்லை. போனை எடுத்து, இடது கை மரத்துப்போதல் வாய் கோணுதல் என்று தேட ஆரம்பித்தேன். நின்ற இடத்திலேயே. மூன்றாவது எழுத்து தப்பாக விழுந்தது, அழித்து அழித்து அடித்தேன். ஏதோ ஒரு விளம்பரம் வந்து நின்றது, அதை மூட இடம் தேடினேன்.

"நூத்தியெட்டு... போடு அம்மிணி" என்றார் மாமா. பொறுமையாக, குழந்தைக்குச் சொல்கிற மாதிரி.

அதற்குப் பிறகுதான் போட்டேன்.

ஆம்புலன்சில் வந்த பெண் பிரஷர் பார்த்துவிட்டு, "இவ்வளவு இருக்கே, மாத்திரை எடுக்கறாரா?" என்று கேட்டாள். "ஒரு நாள் விடாம எடுக்கறாருங்க" என்று நான்தான் சொன்னேன். மாமா கண்ணை மூடிக்கொண்டார்.

ஜூலை 9, புதன்

கை திரும்ப வந்துவிட்டது. பேச்சும் வந்துவிட்டது. விரல்களில் மட்டும் கொஞ்சம் வலு இல்லை. மூளைக்குப் போகும் ரத்தத்தில் சின்ன அடைப்பு, அதுவாகவே விலகியிருக்கிறது, இது எச்சரிக்கை என்று டாக்டர் சொன்னார். முப்பத்தைந்து வயதுகூட இருக்காது அவருக்கு. மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

"ஐயா, இதை எப்ப நிறுத்துனீங்க?"

நானும் இவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"மறந்து போச்சுங்க" என்றார் மாமா.

"அட்டை பூராவும் அப்படியே இருக்கு. மூணு வாரமா மறந்தீங்களா?"

"வயசாயிருச்சுங்க."

"இருமல் ஏதாச்சும் இருந்துச்சா?"

மாமா போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். இவர்தான், "ரெண்டு மூணு மாசமா வறட்டு இருமல் இருந்துச்சு சார். இப்ப இல்ல" என்றார்.

"அப்ப அதுதான். இந்த வகை மாத்திரை சிலருக்கு ஒத்துக்காது, இருமல் வரும். வந்து சொல்லியிருந்தா அன்னைக்கே வேற மாத்திக் குடுத்திருப்போம். அஞ்சு நிமிஷ வேலை. யாருமே கவனிக்கலையா?"

யாருமே என்று பொதுவாகத்தான் கேட்டார். நான் பிளாஸ்க்கைத் திறந்து மூடினேன்.

வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் ஞாபகம் வந்தது. இந்த வகை மாத்திரை உடம்பில் எதைத் தடுக்கிறது, அதனால் எது தேங்குகிறது, தேங்கினால் ஏன் இருமல் வருகிறது. படம் வரைந்து, அம்புக்குறி போட்டு, செமஸ்டர் பரீட்சையில் எழுதியிருக்கிறேன். முழு மார்க்.

ஜூலை 10, வியாழன்

இன்று மத்தியானம் ஆஸ்பத்திரியில் நானும் மாமாவும் மட்டும் இருந்தோம். இவர் மருந்து வாங்கப் போயிருந்தார். சாத்துக்குடி உரித்துக் கொடுத்தேன். வலது கையால் வாங்கி இடது கைக்கு மாற்றி, பிடிக்கிறதா என்று பழகிக்கொண்டிருந்தார்.

"ஏன் மாமா எங்கிட்டச் சொல்லாம நிறுத்துனீங்க?"

"சொன்னனே அம்மிணி."

ஆமாம், சொன்னார்.

"சரி, நான் கேட்டுக்கலாம்னு சொன்னேன்ல. அடுத்த மாசம் வரைக்கும் பொறுத்திருக்கலாம்ல. அப்படி என்ன அவசரம்?"

சுளையைப் பிரித்துக்கொண்டே இருந்தார்.

"இருமல் நின்னாத்தானே பாப்பாவத் தூக்க முடியும்."

"நான் தூக்க வேண்டாம்னு சொல்லவே இல்லையே மாமா."

"நீ சொல்லல. போன்ல வந்துச்சு."

"என்ன வந்துச்சு?"

"தேடறதுக்கு அமுக்குனா, கீழ பழசெல்லாம் வரிசையா காட்டுமில்ல. அதுல வந்துச்சு. மொதல்ல நாந்தான் தெரியாம எதையோ அமுக்கிட்டனாட்டம்னு நெனச்சேன். அப்புறம் பாத்தா, 'மாமனார் இருமல் கைக்குழந்தைக்குத் தொத்துமா'ன்னு இருக்குது. எனக்கு ஏது மாமனாரு? அவரு போயி இருவது வருசமாச்சு."

சிரித்தார். நிஜமாகவே அவருக்குச் சிரிப்பு வந்திருக்கிறது, அந்த நாளிலேயே வந்திருக்க வேண்டும். எனக்குக் காது இரண்டும் சுட்டது. தண்ணீர்க் குழாயில் ஒரே பக்கம்தான் தண்ணீர் போகும் என்பது மாதிரி நான் இத்தனை நாள் அவருடையதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"அதுக்கப்புறமும் வந்துச்சுங்களா மாமா?"

"வரும். நெதமும் ஒண்ணு ரெண்டு வரும்." என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். "பெரியவங்க மனசு புண்படாம கொழந்தையத் தூக்க வேண்டாம்னு எப்படிச் சொல்றதுன்னு ஒண்ணு. அதப் படிச்சப்ப எனக்கு ஒண்ணு தோணுச்சு அம்மிணி. புண்படாமன்னுதானே தேடியிருக்குது புள்ள. வேற மாதிரியும் தேடியிருக்கலாமில்ல."

இவர் மருந்துப் பையோடு வந்துவிட்டார். மாமா உடனே, "டேய், இந்தச் சாத்துக்குடி எங்க வாங்குனே, ஒரே புளிப்பு" என்றார். சாத்துக்குடி புளிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து என் போனில் பழைய தேடல்களைத் திறந்தேன், அவர் கண்ணால் பார்க்கிற மாதிரி, ஜூன் வரைக்கும் போனேன். என்னுடையதும் அவருடையதும் கலந்து கிடந்தன. பல இடங்களில் எது யார் கேட்டது என்று பிரிக்கவே முடியவில்லை. இரண்டு பேரும் ஒரே பயத்தைத்தான் கேட்டிருக்கிறோம். ஜூன் பத்தொன்பதாம் தேதி விடியற்காலையில் அவர் கேட்டது மட்டும் தனியாகத் தெரிந்தது: 'பாப்பாவுக்கு ஏற்கெனவே ஒட்டியிருந்தா எப்படிங்க கண்டுபுடிக்கறது'.

ஜூலை 11, வெள்ளி

எழுத ஒன்றும் இல்லை. ரசம் வைத்தேன், கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஜூலை 12, சனி

இவர் காலையில் இருந்தே அப்பாவின் மறதியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார். அப்பாவுக்கு ஞாபகம் போகிறது, இனிமேல் மாத்திரையை நாம்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும், அந்தப் போனையும் வாங்கி வைத்துவிட வேண்டும், கண்டதைப் பார்த்துக் கெட்டுப்போகிறார் என்று.

"போனை வாங்காதீங்க" என்றேன்.

"ஏன்? நீதானே ஸ்க்ரீன்ஷாட் அனுப்பிச் சிரிப்பே?"

"அவருக்கு மறதி எல்லாம் இல்ல."

சொன்னேன். மாத்திரையும் போனும் தூக்கிக்கொண்டு மாமா என்னிடம் வந்ததை, நான் வாங்கிப் பார்க்காததை, ஒரே கணக்கு இரண்டு போனில் இருப்பதை, அவர் ஏன் மேலே போனார் என்பதை. பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னேன், அதனால் இவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. இவர் கழுவிய பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினார். பிறகு கேட்டார்.

"என்ன வார்த்தை போட்டுத் தேடுனே?"

"அதான் சொன்னேன்ல, இருமல் பத்தி..."

"இல்ல. அப்பா படிச்சது என்ன வார்த்தை?"

சொன்னேன். ஒவ்வொன்றாக. திரையில் எழுத்தாக இருக்கும்போது அது ஒரு தாயின் கவலை மாதிரி இருந்தது. அவருடைய மகன் முன்னால் வாய்விட்டுச் சொல்லும்போது அப்படி இல்லை.

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நானும் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன், பத்துக் காரணம் கைவசம் இருந்தது. இவர் பால் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். பால் ஃப்ரிட்ஜில் இருந்தது. ரொம்ப நேரம் கழித்து வெறுங்கையோடு வந்து, "அந்த ஸ்க்ரீன்ஷாட்டுக்கு நானுந்தான் சிரிச்சேன்" என்றார். அதோடு சரி.

ஜூலை 13, ஞாயிறு

மாமா வீட்டுக்கு வந்துவிட்டார். புது மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். கட்டிலை இவர் நேற்றே கீழே இறக்கிவிட்டார், யாரும் யாரையும் கேட்கவில்லை.

ஆட்டோவில் இருந்து மெதுவாக இறங்கி, ஹாலில் சேரில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் தண்ணீர்கூடக் கேட்கவில்லை, பையைக் கேட்டார். அதில் இருந்து பெரிய எக்ஸ்ரே கவரை எடுத்தார்.

"இது எதுக்குங்கப்பா? தலையில ஸ்கேன்தானே எடுத்தாங்க" என்றார் இவர்.

"நெஞ்சுக்கும் எடுக்கச் சொன்னேன். சளி டெஸ்டும் கேட்டேன். வேண்டியதில்லைன்னுதான் டாக்டரு சொன்னாரு, இருமலே இல்லையேன்னாரு. வீட்டுல கைக்கொழந்தை இருக்குதுங்க, எழுத்துல வேணும்னு சொல்லி வாங்கியாந்தேன்."

நான் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நிலைப்படியில் நின்றிருந்தேன். தாத்தாவைப் பார்த்ததும் அவள் துள்ள ஆரம்பித்தாள். இரண்டு கையையும் நீட்டி, உடம்பு பூராவும் அவர் பக்கம் வளைத்து, பிடிக்கவே முடியவில்லை.

மாமா கையை நீட்டவில்லை. கவரைத்தான் நீட்டினார், வலு இல்லாத அந்த இடது கையால், கொஞ்சம் நடுக்கத்தோடு.

"படிச்சுப் பாத்துக்க அம்மிணி. அப்புறமாக் குடு."

"அதெல்லாம் வேண்டாம் மாமா" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லப்போகிறேன் என்றுதான் நானே நினைத்தேன். இவரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், ஒரே ஒரு வார்த்தைக்காக.

பாப்பாவை இவர் கையில் கொடுத்தேன். கவரைப் பிரித்து, உள்ளே இருந்த தாளை எடுத்து, முதல் வரியில் இருந்து டாக்டரின் கையெழுத்து வரைக்கும் படித்தேன். ஒன்றும் இல்லை என்று இருந்தது. தேதி சரிதானா, பெயர் சரிதானா என்றும் பார்த்தேன். மாமா காத்திருந்தார்.

அதற்குப் பிறகுதான் பாப்பாவை வாங்கி அவர் மடியில் வைத்தேன்.